தகவல் கொடுத்தவர்

ஓய்வு பெற்ற சிறைக்காவலருக்கு அந்தத் தொடரைக் கண்டாலே ஆகாது. வேற்றுக் கிரகத்தில் சர்வாதிகார ஆளுநரை எதிர்த்துக் கலகம் செய்யும் இளவட்டங்களின் கதை. மகளுக்கோ அதுதான் உயிர். அவள் அரசாங்கத்தை எதிர்த்து நடந்த ஊர்வலத்துக்குப் போய் வந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே சோபாவில், அம்மாவை நடுவில் விட்டு, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

திரையில் ஒரு கலகக்காரி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கினாள். வீரர்கள் அவளைக் கவனிக்காமல் தாண்டிப் போனார்கள்.

“கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? தொட்டிக்குப் பின்னாடி பாருங்கடா!” என்று அவர் கத்தினார்.

கடைசியாகப் போன வீரன் நின்றான். திரும்பி வந்து தொட்டிக்குப் பின்னால் சுட்டான்.

மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. “அம்மா, இதை நேத்தே போன்ல பாத்தேன். இவ தப்பிச்சிருவாம்மா,” என்றாள்.

திரையில் இருந்த அதிகாரி தொப்பியைச் சரிசெய்துகொண்டு சோபாவை நேராகப் பார்த்தார். “தகவலுக்கு நன்றிங்க ஐயா. வேற யாராவது இருக்காங்களா?”

அவரை ஐயா என்று யாரும் கூப்பிட்டு வருஷக்கணக்காகிவிட்டது. முதுகு தானாக நிமிர்ந்தது.

“அப்பா, வேணாம்ப்பா.” இத்தனை நாள் கழித்து மகள் அவரோடு பேசியது அவ்வளவுதான்.

“இங்க ஒருத்தி இருக்கா,” என்றார் அவர்.

அதிகாரி தலையசைத்தார். திரையில் வீரர்கள் ஒரு படிக்கட்டில் ஏறத் தொடங்கினார்கள். கைப்பிடியில் கீழ்வீட்டுக்காரி காலையில் உலர்த்திய நீலத் துண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள். அவர் எழுந்து, சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, அவளை விலக்கித் தாழ்ப்பாளைத் திறந்தார்.