தார்ச்சாலையில் விழுந்த விதை

மரநாய் போட்ட பீயோடு தார்ச்சாலையில் கிடந்த காட்டு நாவல் விதைக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இவ்வளவு பெரிய காட்டை விட்டுட்டு ரோட்டுலதான் போவியா? நான் எப்படி முளைக்கிறது?"

"அவசரம்ப்பா," என்றது கிளையில் படுத்திருந்த மரநாய். "பள்ளிக்கூடப் பிள்ளைங்க விதை பொறுக்க வர்றாங்க. உன்னையும் எடுத்துட்டுப் போய் நாற்று போடுவாங்க."

வந்தார்கள். டீச்சர் அந்த விதையையே காட்டி, "மரநாய்தான் காட்டை விதைக்குது," என்று அரைமணி நேரம் பேசினார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஒரு சிறுமி மட்டும் குனிந்து கையை நீட்டினாள்.

"சீச்சீ, தொடாதே! அழுக்கு!" என்றார் டீச்சர்.

எல்லோரும் போய்விட்டார்கள். வளைவில் பஸ் வரும் சத்தம் கேட்டது.

"அண்ணே," என்றது விதை, "சீக்கிரம் இறங்கி வந்து என்னை மறுபடி முழுங்குண்ணே. இந்தத் தடவையாவது காட்டுக்குள்ள போய்ப் போடு."