வீடு தேடி வந்த சான்றிதழ்

ஊரில் எந்தக் குட்டியும் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் இருக்கக் கூடாது என்று விலங்குப் பஞ்சாயத்து முடிவெடுத்தது. வீடு தேடிப் போய்க் கொடுக்கும் பொறுப்பு, தெருவெல்லாம் அத்துப்படியான நாய் செவலைக்குக் கிடைத்தது.

செவலைக்குப் பெருமை பிடிபடவில்லை. பூனை குட்டி போட்டிருந்த கொட்டகை வாசலில் நின்று மரியாதையாகத்தான் குரைத்தது: "அம்மா, பிள்ளைங்களப் பார்க்கணும்!"

பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு அடுத்த வீட்டுப் பரணுக்கு ஓடியது. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று செவலை அங்கே போய் இன்னும் பலமாகக் குரைத்தது. பூனை மறுபடி வீடு மாறியது.

"நல்லது செய்ய வந்தா இப்படியா ஓடுவாங்க?" செவலைக்கு மனசே விட்டுப்போச்சு.

மறுநாள் பூனை, தலைவர் கழுதையிடம் போய் அழுதது: "சான்றிதழ் இல்லாம பள்ளிக்கூடத்துல சேர்க்க மாட்டேங்கறாங்க. எங்க பக்கம் ஒருத்தரும் வரலைங்க."

கழுதை உருகிப்போனது. "செவலை ஒத்தை ஆளா அலையறான், பாவம். கவலைப்படாதேம்மா, நாளைக்கு அவன் அண்ணன் தம்பி எல்லாரையும் சேர்த்தே அனுப்பறேன்!"