மின்கம்பி தள்ளாடும் நேரம்

காற்றாலைக்கு அடியில் உள்ள சின்ன அறையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது, கண்ணுகளா. சுழலும் இறக்கையின் நிழல் வாசலைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. காற்றாலைக்காரரும் மனைவியும் அந்த நிழலையே பார்த்து நிற்கிறார்கள். சோதனைக்கு உதவ வந்த இன்ஜினியர் பெண் கணினியில் கடைசி எண்ணைத் தட்டுகிறாள்.

"முன்னெல்லாம் லைன்ல கரன்ட் தள்ளாடினா காத்தாலை உடனே லைனை விட்டுக் கழண்டுக்கணும்னு சட்டம். இப்போ கூடவே நின்னு தாங்கணும்னு மாத்திட்டாங்கண்ணே. இன்னிக்குக் கழண்டுச்சுன்னா, நாளைலேருந்து உங்க கரன்ட்ட லைன்ல சேர்க்க மாட்டாங்க."

"கல்யாணச் சட்டம் மாதிரியில்ல இருக்கு!" என்கிறார் அவர். மனைவி சிரிக்கவில்லை, அவருடைய சட்டைக்கையை இறுகப் பற்றிக்கொள்கிறாள்.

இன்ஜினியர் பெண் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே சரிய விடுகிறாள். விளக்கு கண் செருகுகிறது. மேலே காற்றாலையின் இரைச்சல், விக்கலெடுத்த பிள்ளையைப்போல் ஒருமுறை திக்குகிறது. நிழல் வராமல் வாசல் வெறும் வெயிலாய்க் கிடக்கிறது. பிறகு விளக்கு மெல்ல மலர்கிறது. நிழல் வந்து வாசலைத் தொடுகிறது, மறுபடியும் தொடுகிறது.

"தாங்கிடுச்சு அண்ணி!"

"அதான் தாங்கிடுச்சே, கையை விடு. சட்டை கிழியுது," என்கிறார் கணவர்.

"சட்டந்தான் மாறிடுச்சே," என்கிறாள் அவள், விடாமல்.