செங்கல் நிறம்

நர்சிங் கல்லூரி ஆய்வகத்தில் சர்க்கரைச் சோதனைக்கு வருடாவருடம் அட்டெண்டர் மரியபுஷ்பம் அக்காதான் தன் சிறுநீரைத் தருவாள். மாணவிகளுக்குக் கூச்சம். அதை இரண்டு பீக்கரில் ஊற்றி, ஒன்றில் மட்டும் குளுக்கோஸைக் கரைத்து 'நோயாளி' என்று சீட்டு ஒட்டுவாள். மற்றது 'நார்மல்'. நீலக் கரைசலோடு சேர்த்துச் சூடாக்கினால் நோயாளி செங்கல் நிறத்துக்கு மாற வேண்டும், நார்மல் நீலமாகவே நிற்க வேண்டும். இன்று இரண்டுமே மாறிவிட்டன.

"ரெண்டுலயும் குளுக்கோஸ் போட்டுட்டீங்களா? பத்தொன்பது வருஷ சர்வீஸ்ல இதுகூடத் தெரியாதா?" என்றார் மேடம்.

"ஒண்ணுலதான் மேடம் போட்டேன்."

மேடம் நம்பவில்லை. மாணவிகள் பக்கம் திரும்பி, "நார்மல் நீலம்னு ரெக்கார்டுல எழுதிட்டுக் கிளம்புங்க" என்றார். எல்லோரும் அப்படியே எழுதினார்கள்.

அக்கா சோதனைக்குழாய்களைக் கழுவப் போனாள். நார்மலின் அடியில் படிந்திருந்த சிவப்பு பிரஷ்ஷுக்குப் போகவில்லை. கடைசியாக நோட்டை மூடிய பர்வீன், அக்காவின் கால் பெருவிரலில் இரண்டு மாதமாக இருக்கும் துணிக்கட்டைப் பார்த்தாள்.

"புண்ணு இன்னும் ஆறலையாக்கா?"

"செருப்புக் கடிதான் பாப்பா" என்ற அக்கா, குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.