மஞ்சள் வீடு

மாநகர சபைத் தேர்தலுக்கு மூன்று நாள்தான் இருந்தது. கொட்டாஞ்சேனை அச்சகத்தின் மேசையில் வட்டாரத்தின் நிறம் தீட்டிய வீட்டுப் பட்டியலை விரித்தான் றொஹான். பிரசாரத்தை நடத்தக் கட்சி கல்கிசையிலிருந்து கொண்டுவந்த ஆள் அவன்.

"பச்சை எங்கட வீடுகள், சிவப்பு அவங்கட. ரெண்டும் சமன். மிச்சம் இந்த மஞ்சள் வீடு ஒண்டுதான், மிஸ். நாப்பத்திரெண்டாம் நம்பர், நாலு வோட்."

கணினியில் கட்சி நோட்டீஸைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த அச்சக ஊழியை ஐறீன் எட்டிப் பார்த்தாள். "இன்னும் யோசிக்கினம் போல."

"இதில என்ன யோசனை? எங்களுக்குப் போடாதவன் கொட்டாஞ்சேனைக்கே துரோகி. நோட்டீஸில அதையே பெரிய எழுத்தில அடியுங்கோ."

"மற்றக் கட்சியில வோட்டுக் கேக்கிற கிளறன்ஸ், கொரோனா நேரம் வீடு வீடா அரிசி குடுத்தவர். அவருக்குப் போட நினைக்கிறவையும் துரோகியளோ?"

"ஓம்! அரிசிக்கு விலைபோன துரோகியள். எலெக்ஷன் எண்டா யுத்தம், மிஸ். அந்த மஞ்சள் வீட்டுக்காரற்ற முகத்துக்கு நேரயே இதைச் சொல்லுவன்."

"சொல்லுவீங்களோ?"

"எனக்கென்ன பயம்?"

ஐறீன் சிவப்புப் பேனையை எடுத்து, நாற்பத்திரண்டாம் இலக்கத்தின் மேல் மஞ்சள் தெரியாதபடி அழுத்தித் தீட்டினாள்.

றொஹான் பதறினான். "என்ன செய்யிறீங்கள்? அவையள் இன்னும் முடிவெடுக்கேல்லயே!"

"இப்ப எடுத்திட்டம். அது என்ட வீடு."

பேனையை மூடிவிட்டு ஐறீன் மறுபடி விசைப்பலகைக்குத் திரும்பினாள்.

"சொல்லுங்கோ, இந்த நோட்டீஸ் எத்தினை ஆயிரம் அடிக்கிறது?"