பச்சைப் பாக்கெட்

"கம்ப்யூட்டர்ல எக்ஸ்ரே கார்டு இன்னும் தெரியல தம்பி. பல்லுவலிக்காரர் வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கார்."

போனில் ஜுவாங். தைவானின் தைச்சுங் நகரில் பதினொரு பல் மருத்துவமனைகளின் கம்ப்யூட்டர்களைக் கவனிப்பவர். காலையில்தான் எல்லாவற்றிலும் எங்கள் கம்பெனி மதர்போர்டை இயக்கும் புது பயாஸ் மென்பொருளை ஏற்றியிருக்கிறார். கோளாறு என்றால் உதவி மையத்தில் இருக்கும் என்னைத்தான் அழைப்பார்.

"பிளக்கைப் புடுங்கிப் பத்து நிமிஷம் சும்மா விடுங்க சார்."

"விட்டாச்சு."

அரை நிமிடம்கூட ஆகவில்லை. நான்காவது முறையாக இதே பதில்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "மெஷின் மேல பச்சைப் பாக்கெட் இருக்கா சார்?"

மெஷின் அடம்பிடிக்காமலிருக்க தைவான்காரர்கள் நாங்கள் அதன் தலையில் வைக்கும் தேங்காய்ச் சோளப்பொரி அது.

அவர் குரல் இறங்கியது. "இருக்கு. தேதி போன மாசமே முடிஞ்சிருக்கு."

"அதான் சார். பிளக்கைப் புடுங்கிட்டுக் கடைக்குப் போங்க. புதுசை மேல வெச்ச பிறகுதான் சொருகணும். முன்னாடி சொருகினா பலிக்காது."

கால் மணி நேரத்தில் அழைத்தார். "கார்டு வந்துடுச்சு தம்பி."

எனக்குப் பொரி முக்கியமில்லை. போர்டில் தங்கிய மின்சாரம் வடிய, அவர் கடைக்குப் போய்வரும் நேரம்தான் வேண்டியிருந்தது.

"மத்த பத்து இடத்துலயும் இதே கதைதான்" என்றார். "எல்லாருக்கும் சொல்லிட்டேன். பிளக்கை நோண்டாதீங்க, பாக்கெட்டை மட்டும் மாத்துங்க, அப்பவும் வரலேன்னா இந்தத் தம்பியைக் கூப்பிடுங்கன்னு."

ரிசீவரை வைத்தேன். கையை எடுப்பதற்குள் மணி அடித்தது.