சொட்டுத் தாத்தாவின் புகார்

உங்கள் நாவிலிருந்து புறப்பட்ட ஒரு சொல்லும் எவரையும் காயப்படுத்தியதில்லை என்று, நெஞ்சில் கை வைத்துக் கர்த்தருக்கு முன்பாகச் சொல்ல உங்களால் முடியுமா?

அவளால் முடியும் என்றுதான் அவள் நம்பினாள்.

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் பதினொரு ஆண்டுகளாகத் தொலைபேசி எடுக்கிறவள் அவள். மூன்று நாள் தண்ணீர் வராதவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அவளோ, "சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பாள். எதிர்முனையின் சூடு தானே தணிந்துவிடும்.

அதனால்தான் போதகர் அவளைத் தேடி வந்து, "இந்த ஞாயிறு ஆராதனையில நாவைக் காக்கிறதைப் பத்தி நீங்க சாட்சி சொல்லணும், சிஸ்டர்" என்று கேட்டிருந்தார். அன்றிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மேடையில என்னத்தைடி சொல்லப்போற?" என்று பக்கத்து இருக்கைத் தோழி கேட்டாள்.

"வேற என்னத்தை? சொட்டுத் தாத்தா கதையைத்தான்."

இருவரும் சிரித்தார்கள்.

தினமும் பதினொரு மணிக்கு ஓர் அழைப்பு வரும். கூப்பிடுகிறவரின் எண் தெரியாத பழைய தொலைபேசி அது. அமுங்கிப்போன ஒரு கிழக்குரல், "குழாய் சொட்டுதும்மா" என்னும். பெயர் சொல்லாது, தெருவும் சொல்லாது.

"நானா இருந்தா ரெண்டாம் நாளே போனை வச்சிருப்பேன். நீ என்னடான்னா எட்டு மாசமா, சாப்பிட்டீங்களா, கால்வலி எப்படி இருக்குன்னு குசலம் விசாரிக்கிற!"

"பாவம்டி. வீட்டுல அவரை யாரும் மனுஷனா மதிக்கறதில்ல போல. அந்த வீட்டு ஆளுங்களை ஒரு நாள் நேர்ல பார்த்து, நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேக்கணும்."

வெள்ளிக்கிழமை காலை. கைப்பையை மாட்டிக்கொண்டு அவள் வாசலுக்கு விரைந்தபோது மாமனார் சுவரைப் பிடித்தபடி வந்தார்.

"அம்மாடி, என் கண்ணாடியை..."

"கிளம்பற நேரத்துல ஆரம்பிக்காதீங்க மாமா. வீட்டுல சும்மாதானே இருக்கீங்க? தேடுங்க."

அதில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆகவே அவள் மனசாட்சி உறுத்தவும் இல்லை.

அலுவலகம் போன பிறகுதான், சாட்சி இன்னும் பாதிகூட எழுதி முடியவில்லை என்ற கவலை வந்தது. அனுமதி கேட்டுக்கொண்டு, பதினொரு மணிக்கெல்லாம் வீடு திரும்பி, சத்தமில்லாமல் பூட்டைத் திறந்தாள்.

மாமனாரின் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

அவர் தொலைபேசியின் வாயில் துண்டைச் சுற்றி வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"அவங்க இல்லையா? லீவா?... இல்லம்மா, உங்ககிட்ட சொல்ல ஒண்ணுமில்ல. குழாயெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அது சொட்டுத் தாத்தாவின் குரல்.

எதிர்முனையில் தோழி ஏதோ கேட்டிருக்க வேண்டும். அவர் மெல்லத் துண்டை எடுத்தார். கூனியிருந்த முதுகு நிமிர்ந்தது.

"நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா, அப்புறம் அப்படிப் பேச மாட்டா. அவ யாருன்னு நினைச்சீங்க? என் மருமகம்மா! எவ்வளவு தன்மையாப் பேசறா, பார்த்தீங்களா?"

அந்தக் குரலில் பெருமை பொங்கி வழிந்தது.

அவள் கையிலிருந்த சாட்சித் தாள் கசங்கியது. நாளொன்றுக்கு நூறு முறை நாவில் புரளும் வாசகம், இந்த வீட்டில் ஒரு முறைகூட வெளியே வந்ததில்லை. கதவைத் தட்டினாள்.

"சொல்லுங்க மாமா... கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அன்பர்களே, ஊராருக்கு வழங்கியது போக மிஞ்சிய சொற்களையா உங்கள் வீட்டாருக்கு வைத்திருக்கிறீர்கள்? இந்தப் பக்கத்தை மூடிவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள். ஞாயிறு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்றே, இப்போதே போய்க் கதவைத் தட்டுங்கள்.